டெமோவே நல்லா இருந்துச்சே! 'சைனீஸ் டெமாக்ரசி'யை எப்படிக் கேட்கறது?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியா கொஞ்சம் சுருக்கியிருக்கோம்.)

அஸ்தினாபுரத்துல இருந்து பேசறேன். ஆடியோவுல நடுவுல ஒரு உறுமல் கேட்டா அது பேஸ் கிட்டார் இல்ல, தாம்பரம் ஏர்ஃபோர்ஸ் ஸ்டேஷன் விமானம்.

பெரிய படத்தோட பாட்டு ஒண்ணு லீக் ஆகும். நாலு நாள் ரிப்பீட்ல ஓடும். அப்புறம் ஒரிஜினல் வரும். வந்த அஞ்சாவது நிமிஷம் குரூப்ல ஒருத்தர் போடுவார்: "லீக் ஆனதே நல்லா இருந்துச்சு ப்ரோ, மிக்ஸ்ல கெடுத்துட்டாங்க." நிஜமாவே கெடுத்துட்டாங்களா, இல்ல நம்ம காது பண்ற வேலையா? இதைத்தான் இன்னைக்குப் பேசப் போறோம்.

நம்ம ஊர்ல இருந்தே ஆரம்பிக்கறேன். 2011 நவம்பர் தொடக்கத்துல '3' படத்துக்காகப் பதிவு பண்ணின ஒரு பாட்டோட ரஃப் வெர்ஷன் நெட்ல கசிஞ்சது. அனிருத்துக்கு அதுதான் முதல் படம். எழுதிப் பாடினவர் தனுஷ். லீக் ஆயிடுச்சுன்னு தெரிஞ்சதும் படக்குழு ஒக்காந்து அழல, நவம்பர் 16-ஆம் தேதி அதிகாரபூர்வமாவே விட்டுட்டாங்க. 'ஒய் திஸ் கொலவெறி டி'. அதுக்கப்புறம் நடந்தது உங்க எல்லாருக்கும் தெரியும்.

எனக்குப் பிடிச்ச விஷயம் அந்த வீடியோதான். ஹீரோயின் டான்ஸ் இல்ல, லொகேஷன் இல்ல. தனுஷ் ஹெட்ஃபோனை மாட்டிக்கிட்டு மைக் முன்னாடி நிக்கறார், அனிருத் பக்கத்துல இருக்கார், ஸ்டுடியோவுல சும்மா உக்காந்து வேடிக்கை பார்க்கற மாதிரி. அதாவது முடிஞ்ச பாட்டே ஒரு டெமோ வேஷத்துல வந்துச்சு. லீக்கைக் கேட்டவங்களுக்கு "ஐயோ மாத்திட்டாங்களே"ன்னு சொல்ல இடமே இல்ல. அதுவும் ரெண்டுக்கும் நடுவுல ஓடினது கொஞ்ச நாள்தான்.

இடைவெளி கொஞ்ச நாள் இல்லாம, வருஷக்கணக்கா இருந்தா? அதுக்கு ஒரு பெரிய உதாரணம் இருக்கு. கன்ஸ் அன்' ரோசஸ்.

சென்னைல காலேஜ் கல்ச்சுரல்ஸ் பக்கம் போனவங்களுக்கு 'நவம்பர் ரெயின்' சோலோவை யாராவது ஒருத்தர் சொதப்பறதைக் கேட்காம வெளிய வந்திருக்க முடியாது. அந்தப் பாட்டு இருக்கற 'யூஸ் யுவர் இல்யூஷன்' ரெண்டு பாகமும் 1991 செப்டம்பர்ல வந்துச்சு. 1993-ல மத்தவங்க பாட்டையெல்லாம் பாடி ஒரு ஆல்பம் போட்டாங்க. அதுக்கப்புறம் 1996-ல கிட்டாரிஸ்ட் ஸ்லாஷ் வெளிய போனார், அடுத்த வருஷம் பேஸிஸ்ட் டஃப் மெக்கேகன். பாடகர் ஆக்ஸல் ரோஸ் பேண்டோட பேரை வெச்சுக்கிட்டு, புது ஆட்களைச் சேர்த்து, 'சைனீஸ் டெமாக்ரசி'ன்னு ஒரு ஆல்பம் பண்ண ஆரம்பிச்சார்.

அது வந்தது 2008 நவம்பர் 23.

நடுவுல தயாரிப்பாளர்கள் மாறினாங்க, கிட்டாரிஸ்டுகள் வந்தாங்க போனாங்க. அதுல பக்கெட்ஹெட்னு ஒருத்தர், முகத்துல வெள்ளை முகமூடி, தலையில சிக்கன் பக்கெட்டைக் கவுத்துக்கிட்டு வாசிப்பார். அவருக்காக ஸ்டுடியோவுக்குள்ளயே ஒரு கோழிக்கூண்டு கட்டிக் கொடுத்தாங்கன்னு நியூயார்க் டைம்ஸ் 2005-ல எழுதுச்சு. அதே கட்டுரைல, செலவு 1 கோடியே 30 லட்சம் டாலரைத் தாண்டிடுச்சுன்னும் இருந்துச்சு. 2008-ல டாக்டர் பெப்பர் கூல்டிரிங்க் கம்பெனி ஒரு சவால் விட்டுச்சு: இந்த வருஷத்துக்குள்ள ஆல்பம் வந்தா அமெரிக்காவுல எல்லாருக்கும் ஒரு கேன் ஃப்ரீ, ஸ்லாஷுக்கும் பக்கெட்ஹெட்டுக்கும் மட்டும் கிடையாது. வராதுன்னு அவ்வளவு நம்பிக்கை. வந்துடுச்சு, கூப்பன் கேட்டு வந்த கூட்டத்துல அவங்க வெப்சைட் திணறிப் போச்சு.

இந்தக் காத்திருப்புலதான் டெமோக்கள் ஒழுக ஆரம்பிச்சுது. 2003-ல மைக் பியாஸான்னு ஒரு பேஸ்பால் வீரர், கைக்கு வந்த ஒரு சிடியை நியூயார்க்ல எடி ட்ரங்கோட ரேடியோ நிகழ்ச்சிக்குக் கொண்டு போனார். உள்ள 'ஐ.ஆர்.எஸ்.' பாட்டு. கிரிக்கெட் பிளேயர் ஒருத்தர் ரஹ்மானோட வெளிவராத பாட்டை எஃப்எம்ல கொண்டு போய்க் கொடுத்தா எப்படி இருக்கும், அந்த மாதிரி. 2006 பிப்ரவரில அதோட சேர்த்து நாலு டெமோ மொத்தமா வந்துச்சு: 'பெட்டர்', 'கேட்சர் இன் த ரை', 'ஐ.ஆர்.எஸ்.', 'தேர் வாஸ் எ டைம்'. எனக்கு இந்த நாலும் குரோம்பேட்டைல ஒரு ஃப்ரெண்டோட பென் டிரைவ்ல வந்து சேர்ந்துச்சு, ஃபைல் பேரெல்லாம் தப்புத் தப்பா. 2008 ஜூன்ல ஒரு வலைப்பதிவர் ஒன்பது பாட்டை ஒரே நேரத்துல ஓட விட்டார். ஆல்பத்துல இருக்கறதே 14 பாட்டு. அதாவது கடைக்கு வர்றதுக்கு முன்னாடியே தீவிர ரசிகர்களுக்குப் பாதிக்கு மேல மனப்பாடம்.

ஆல்பம் வந்ததும் ஒப்பிடல் தொடங்குச்சு. இங்க டெமோன்னா என்னன்னு ஒரு நிமிஷம் பார்த்துடலாம். நம்ம சினிமாவுல மியூசிக் டைரக்டர் முதல்ல மெட்டை 'தன்னன்னா தனன்னா'ன்னு தத்தகாரத்துல பாடிக் காட்டுவார். அப்புறம் டம்மி வரி வரும், ட்ராக் பாடறவர் ஒருத்தர் பாடுவார், அதைக் கேட்டுட்டு ஒரிஜினல் பாடகர் பாடுவார். கேட்கற நமக்கு இந்தப் படிக்கட்டு எதுவும் தெரியாது. லீக்னா, மூணாவது படியில நிக்கும்போது யாரோ கதவைத் திறந்துட்ட மாதிரி.

மிக்ஸிங் பண்றவங்க இதுக்கு ஒரு வியாதிப் பேரே வெச்சிருக்காங்க: டெமோவைட்டிஸ். முதல்ல கேட்ட வடிவம் காதுல பதிஞ்சுடுச்சுன்னா, அப்புறம் வர்ற எதுவுமே தப்பாத்தான் கேட்கும். நான் ஒரு சின்ன பேண்டுல பேஸ் வாசிக்கறேன். எங்க ரஃப் மிக்ஸ் வாட்ஸாப்ல வரும், ஆபீஸ் போகும்போது மின்சார ரயில்ல பல்லாவரம் தாண்டறதுக்குள்ள ரெண்டு தடவை ஓடிடும். மூணு வாரம் கழிச்சு ஒழுங்கான மிக்ஸ் வந்தா, எங்க டிரம்மர் கேட்கற முதல் கேள்வி, "அந்தப் பழைய ஸ்நேர் சத்தம் எங்க?" அந்தப் பழைய ஸ்நேர் சத்தம் பிளாஸ்டிக் வாளியைத் தட்டின மாதிரி இருக்கும். ஆனா அவருக்கு அதுதான் பாட்டு.

இதுக்கு உளவியல்ல ஒரு அடிப்படை இருக்கு. ராபர்ட் ஸயான்ஸ்ங்கற ஆராய்ச்சியாளர் 1968-ல காட்டினது: ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தாலே அது நமக்குப் பிடிச்சுப் போகுது. அர்த்தமே தெரியாத, சீன எழுத்து மாதிரி இருக்கற குறிகளைக் காட்டினார். அதிக தடவை பார்த்ததைத்தான் மக்கள் நல்லதா இருக்கும்னு நினைச்சாங்க. (சைனீஸ் டெமாக்ரசி எபிசோட்ல சீன எழுத்து. நான் பிளான் பண்ணல.) 2006-ல இருந்து 2008 வரைக்கும் ஒரே டெமோவை ஓட விட்டவருக்கு, ஆல்பம்தான் வேத்தாள்.

அப்போ "டெமோ நல்லா இருந்துச்சு"ன்னு சொல்ற எல்லாருக்கும் வெறும் வியாதிதானா? இல்ல. இங்கதான் நான் ரசிகர்கள் பக்கம் நிக்கறேன். 2008-லயே, செப்டம்பர்ல, மெட்டாலிகாவோட 'டெத் மேக்னெடிக்' வந்துச்சு. சிடியில சத்தத்தை அமுக்கி அமுக்கி டிரம்ஸ் எல்லாம் பிசிறடிச்சுது. அதே பாட்டுகள் 'கிட்டார் ஹீரோ' வீடியோ கேம்ல வேற மிக்ஸ்ல வந்தப்போ, அமுக்காம தெளிவா இருந்துச்சு. ரசிகர்கள் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக் காட்டினாங்க, ஆல்பத்தைத் திரும்ப மிக்ஸ் பண்ணச் சொல்லி ஆயிரக்கணக்குல கையெழுத்துப் போட்டாங்க. அது பழக்கதோஷம் இல்ல. அலைவடிவத்தைப் பார்த்தாலே தெரியும், மேலயும் கீழயும் கத்தியால சீவின மாதிரி இருக்கும்.

'சைனீஸ் டெமாக்ரசி'ல அந்தப் பிரச்சனை கிடையாது. மாஸ்டரிங் பண்ணின பாப் லட்விக் மூணு வடிவம் கொடுத்ததாவும், அதுல சத்தத்தை அமுக்காததையே தேர்ந்தெடுத்தாங்கன்னும் அவரே சொல்லியிருக்கார். அதனால டெமோவையும் ஆல்பத்தையும் ஒப்பிடும்போது ஒரு எச்சரிக்கை: ரெண்டோட வால்யூமையும் முதல்ல சமமா வைங்க. கொஞ்சம் சத்தமா ஓடறதை நம்ம காது நல்லா இருக்குன்னே எடுத்துக்கும். இதைப் பண்ணாம போடற சண்டைல பாதி, வால்யூம் சண்டை.

சமமா வெச்சுக் கேட்டா என்ன தெரியுது? 'கேட்சர் இன் த ரை' டெமோவுல கிட்டார் வாசிச்சவர் குயீன் பேண்டோட பிரையன் மே. ஆல்பத்துல அவர் வாசிப்பு இல்ல, எடுத்துட்டாங்க. மே அதுல வருத்தம்னு வெளிப்படையாவே சொன்னார், ஆனா ஆக்ஸலோட முடிவைப் புரிஞ்சுக்கிட்டும் பேசினார். என் தீர்ப்பு: இந்த ஒரு பாட்டுல டெமோதான் ஜெயிக்குது. மேயோட கிட்டார் குரலுக்குப் பதில் சொல்லுது. ஆல்பத்துல கிட்டார் குரலோட போட்டி போடுது.

'தேர் வாஸ் எ டைம்' நேர் எதிர். டெமோவுல குரல் நல்லா முன்னாடி நிக்கும், உண்மைதான். ஆனா ஆல்பத்துல வாத்தியக் கூட்டமும் கோரஸும் அடுக்கடுக்கா ஏறி, கடைசி சோலோவுல போய் உடையும்போது, டெமோ ஏன் டெமோன்னு புரியும். 'ஐ.ஆர்.எஸ்.' ரெண்டும் எனக்கு ஒண்ணுதான், அதுக்கா அஞ்சு வருஷம்னு தோணும். ஆல்பத்தோட உள் அட்டையைப் பார்த்தீங்கன்னா ஒரே பாட்டுக்கு நாலஞ்சு கிட்டாரிஸ்ட் பேர் இருக்கும். போனவங்க வாசிச்சதை அழிக்காம, வந்தவங்க மேல மேல வாசிச்சிருக்காங்க. நம்ம பக்கத்துல பழைய வீட்டுச் சுவத்துல வருஷா வருஷம் சுண்ணாம்பு அடிப்பாங்களே, அது மாதிரி.

இன்னொரு விஷயம், இது என்னை உலுக்கிடுச்சு. ஜாஷ் ஃப்ரீஸ் டிரம்ஸ் வாசிச்சு முடிச்சுட்டுப் போயிட்டார். அடுத்து வந்தவர் பிரெயின். ஆக்ஸலுக்குப் பழைய வாசிப்பும் வேணும், புது ஆளோட கை எடையும் வேணும். அதனால ஃப்ரீஸ் வாசிச்ச ஒவ்வொரு அடியையும் நொட்டேஷனா எழுத வெச்சு, அதைப் பார்த்து பிரெயின் அப்படியே வாசிச்சார். பிரெயினே இதைப் பேட்டில சொல்லியிருக்கார். அப்போ, டெமோவுல இருக்கறதும் ஆல்பத்துல இருக்கறதும் அதே அடிகள், வேற மனுஷன். இதைக் கண்டுபிடிக்க ரசிகர்கள் ஒப்பிட்டுத்தான் ஆகணும். லீக் இல்லேன்னா, ஒரு பாட்டுக்குள்ள யார் உழைப்பு போச்சு, யார் உழைப்பு நின்னுச்சுன்னு நமக்குத் தெரிஞ்சே இருக்காது.

ஆனா அதே லீக்தான் அந்தப் பாட்டுகள்கிட்ட இருந்து முதல் தடவை கேட்கற சுகத்தையும் பிடுங்கிக்கிச்சு. 2008 ஜூன்ல ஓட விட்ட அந்த வலைப்பதிவரை ஆகஸ்ட்ல கைது பண்ணினாங்க, அடுத்த வருஷம் ரெண்டு மாசம் வீட்டுக் காவல், ஒரு வருஷம் கண்காணிப்புன்னு தீர்ப்பு. நம்ம நாட்டுலயும் 1957 பதிப்புரிமைச் சட்டப்படி வெளியிடாத படைப்புக்கும் உரிமை உண்டு. சட்டத்தை விடுங்க. டெமோங்கறது ஒரு கலைஞர் "இது சரியா வருமா?"ன்னு தனக்குத்தானே கேட்டுக்கற கேள்வி. நாம அதைப் பதில்னு எடுத்துக்கிட்டு மார்க் போடறோம். 14 பாட்டுக்காக அத்தனை வருஷம் ஒரு மனுஷன் குழம்பினதுக்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். ஆனா தன்னோட அரைகுறையை உலகமே மனப்பாடம் பண்ணியிருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டே முடிவெடுக்கறது லேசான காரியம் இல்லன்னு நான் நினைக்கறேன்.

முதல் வாரம் அமெரிக்காவுல ஆல்பம் 2,61,000 காப்பி வித்துச்சு, பில்போர்டுல மூணாவது இடம். ஏமாத்தம்னு எழுதினாங்க. 2012 டிசம்பர்ல பேண்ட் பெங்களூர் வந்தப்போ, சென்ட்ரல்ல ரயில் ஏறினவங்க பலரும் போனது 'ஸ்வீட் சைல்ட்'டுக்காகத்தான்.

கதை அங்கயும் முடியல. 2016-ல ஸ்லாஷும் டஃப்பும் திரும்பி வந்தாங்க. 2019-ல, ஏலத்துல போன ஒரு ஸ்டோரேஜ் லாக்கர்ல கிடைச்ச சிடிகள்ல இருந்து, 2000 வாக்குல பதிவான டெமோக்கள் குவியலா வெளிய வந்துச்சு. அதுக்கப்புறம் 2021-ல 'அப்சர்ட்', 'ஹார்ட் ஸ்கூல்', 2023-ல 'பர்ஹாப்ஸ்', 'த ஜெனரல்'னு பேண்ட் ஒவ்வொண்ணா விட ஆரம்பிச்சுது. எல்லாம் அந்தக் காலத்துச் சரக்கு. ஆனா இப்போ வாசிக்கறவங்க, அந்தப் பாட்டு உருவானப்போ பேண்டுலயே இல்லாத ஸ்லாஷும் டஃப்பும்!

அதனால உங்களுக்கு ஒரு வேலை தர்றேன். லீக்கைத் தேட வேணாம், அதிகாரபூர்வமா வந்த 'ஹார்ட் ஸ்கூல்' மட்டும் போதும். ஹெட்ஃபோன்ல கேளுங்க. எந்த இடம் 2000-ல வாசிச்சது, எந்த இடம் ஸ்லாஷ்னு உங்களால பிரிக்க முடியுதான்னு பாருங்க. பிரிச்சவங்க நிமிஷம், செகண்டோட வாய்ஸ் நோட் அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல ஒண்ணா உக்காந்து கேட்போம்.