சர்க்கார் மீது பிரஜையின் வழக்கு

வேலியே பயிரை மேய்ந்தால் விளைவது ஏது என்று நம் நாட்டுக் குடியானவன் கேட்பான். சட்டம் இயற்றும் சர்க்காரே சட்டத்தை மீறினால் தட்டிக் கேட்பவர் யார் என்பதும் அதே கேள்விதான். அமெரிக்க ஜனங்கள் இதற்கு நியாயஸ்தலத்தில் விடை தேடிய வரலாறு, குடியாட்சியில் வாழும் எவரும் அறியத் தக்கது.

டென்னஸி ராஜ்யத்தில் ஓக் ரிட்ஜ் என்று ஒரு நகரம் இருக்கிறது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது அணுகுண்டு வேலைக்கென்றே ரகசியமாகத் தோற்றுவிக்கப்பட்ட ஊர் அது. ஹிரோஷிமாவை அழித்த குண்டுக்கு வேண்டிய யுரேனியத்தை அங்குள்ள ஒய்-12 தொழிற்சாலையில் பிரித்தெடுத்தார்கள். யுத்தம் முடிந்த பின், ஹைட்ரஜன் குண்டுக்கு வேண்டிய லித்தியத்தைப் பிரிப்பதற்காக 1950-களில் அதே தொழிற்சாலையில் பாதரசத்தை ஏராளமாக உபயோகித்தார்கள். அது கசிந்தும் சிந்தியும் மண்ணில் இறங்கியது. நகரின் ஊடே செல்லும் ஓடையிலும் கலந்தது. ஓடையில் கலந்த பாதரசம் மீனின் உடலில் சேரும்; மீனை உண்ணும் மனிதரின் நரம்புகளைத் தாக்கும்.

ராணுவ ரகசியம் என்ற திரை இதையெல்லாம் வெகு காலம் மறைத்திருந்தது. 1983-ஆம் வருஷத்தில் ஒரு சிறிய உள்ளூர்ப் பத்திரிகை, தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் போட்டது. அதன் பேரில் உண்மை வெளிவந்தது. இழந்ததும் கணக்கில் வராததுமான பாதரசம் சுமார் 24 லட்சம் பவுண்டு!

சட்டம் இல்லாத குறையா? இல்லை. அனுமதி பெறாமல் நீர்நிலைகளில் கழிவை விடலாகாது என்று 1972-லும், அபாயகரமான கழிவுப் பொருள்களை இன்ன விதமாகவே கையாள வேண்டும் என்று 1976-லும் சட்டங்கள் ஏற்பட்டிருந்தன. தனியார் ஆலைகளைப் போலவே சர்க்கார் ஸ்தாபனங்களும் அவற்றுக்குக் கட்டுப்பட வேண்டும் என்றும் எழுதியிருந்தது. ஆனால் அணு ஆயுதத் தொழிற்சாலைகளை நடத்தி வந்த எரிசக்தி இலாகா, கழிவுப் பொருள் சட்டம் தன்னைக் கட்டாது, அணுசக்திச் சட்டம் ஒன்றே கட்டும் என்று வாதித்தது.

சுற்றுப்புறப் பாதுகாப்பு இலாகா வாளாவிருந்தது ஏன் என்று வாசகர்கள் கேட்கலாம். இரண்டு இலாகாக்களும் ஜனாதிபதியின் ஆளுகைக்கு உட்பட்டவை. அவற்றுள் ஒன்று மற்றொன்றின்மீது கோர்ட்டுக்குப் போக இயலாது என்பது நீதி இலாகாவின் கொள்கை. வலக்கை இடக்கையின்மேல் பிராது கொடுப்பது உண்டா?

ஆகவே, வழக்குத் தொடரும் பொறுப்பு பிரஜைகளிடம் வந்து சேர்ந்தது. 1970-ஆம் வருஷத்துக் காற்றுத் தூய்மைச் சட்டம் முதற்கொண்டு அமெரிக்கப் பிரஜைகளுக்கு இவ்வுரிமை உண்டு. சட்டம் மீறப்படுவதைக் கண்டவர் முதலில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். பொதுவாக 60 நாள் தவணை. அதற்குள் குற்றம் திருந்தாமலும், சர்க்கார் தானே வழக்குத் தொடராமலும் இருந்தால் அவர் வழக்குத் தொடரலாம். வெற்றி பெற்றால் அபராதப் பணம் கஜானாவுக்குப் போகுமே தவிர வாதியின் பைக்கு வராது. வழக்குச் செலவை மட்டும் கோர்ட் அவருக்கு வழங்கலாம். ஆதாய ஆசையில் வம்பு வழக்காடுவோருக்கு இதில் இடம் சொற்பமே.

சுற்றுப்புற விஷயங்களில் சட்ட உதவி புரியும் லீஃப் என்ற பொதுஜன ஸ்தாபனம் இவ்வுரிமையைக் கையில் எடுத்து, எரிசக்தி இலாகாவின்மீது வழக்குத் தொடர்ந்தது. டென்னஸி ராஜ்யமும் வழக்கில் சேர்ந்துகொண்டது. 1984 ஏப்ரல் மாதம் நீதிபதி ராபர்ட் டெய்லர் தீர்ப்பளித்தார். கழிவுப் பொருள் சட்டம் ஒய்-12 தொழிற்சாலையையும் கட்டும். அனுமதியின்றி நீரில் கழிவு விட்டதும் சட்ட விரோதமே. இதன் பயன் ஓக் ரிட்ஜோடு நிற்கவில்லை. இலாகாவின் மற்றத் தொழிற்சாலைகளும் கழிவுப் பொருள் சட்டத்துக்குத் தலை வணங்க நேர்ந்தது.

ஆயினும், கீழ்ப்படி என்று சொல்வது ஒன்று. கீழ்ப்படியாததற்குத் தண்டிப்பது மற்றொன்று. ஒஹாயோ ராஜ்யத்தில் ஃபெர்னால்ட் என்னுமிடத்தில் யுரேனியத் தொழிற்சாலை ஒன்று இருந்தது. அங்கே நடந்து முடிந்த குற்றங்களுக்கு அபராதம் விதிக்க வேண்டும் என்று ஒஹாயோ வழக்காடியது. மத்திய சர்க்காருக்கு அபராதம் விதிக்கச் சட்டத்தில் தெளிவான அனுமதி இல்லை என்று 1992 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட் கூறிவிட்டது. ஆனால் அவ்வருஷம் அக்டோபர் மாதமே காங்கிரஸ் சபை சட்டத்தைத் திருத்தியது. கழிவுப் பொருள் சட்டத்தை மீறினால் சர்க்கார் ஸ்தாபனமும் அபராதம் செலுத்த வேண்டும் என்றாயிற்று. நீர்த் தூய்மைச் சட்டத்துக்கு அத்தகைய திருத்தம் வரவில்லை.

இன்னொரு வாயிலும் சர்க்காருக்குத் திறந்தே இருக்கிறது. நெவாடா ராஜ்யத்தில் க்ரூம் ஏரிக்கருகே உள்ள ரகசிய விமானப்படைத் தளத்தில் விஷக் கழிவுகளைத் திறந்த வெளியில் எரித்ததால் நோயுற்றோம் என்று அங்கு வேலை செய்தோர் 1994-ல் வழக்குத் தொடர்ந்தனர். கழிவுகளைப் பற்றிய விவரங்களை வெளியிட வேண்டாம் என்று 1995-ல் ஜனாதிபதி கிளின்டன் அத்தளத்துக்கு விலக்கு அளித்தார். தேசப் பாதுகாப்பு என்ற சொல்லுக்கு எதிரே பிரஜையின் பிராது வலுவிழந்தது.

தேசப் பாதுகாப்பு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால், பாதுகாக்கப்படும் தேசம் எது? அந்த ஓடைக் கரையில் வசிப்பவர்களும் அதில் சேர்ந்தவர்கள் அல்லவா? ஓக் ரிட்ஜில் சட்டம் ஏட்டில் எழுதப்பட்டுப் பல வருஷங்கள் உறங்கியது. ஒரு பத்திரிகையின் விண்ணப்பமும் பொதுஜனங்களின் பிராதும் அதைத் தட்டி எழுப்பின. தீர்ப்புக்கு 40 வருஷங்களுக்குப் பிறகும் அங்கே மண்ணிலிருந்தும் நீரிலிருந்தும் பாதரசத்தை அகற்றும் வேலை முடிந்தபாடில்லை. கேள்வி இன்னும் சில வருஷம் முன்னதாகக் கேட்கப்பட்டிருந்தால், அந்த வேலையும் அவ்வளவுக்குக் குறைந்திருக்கும்.