சரிவில் நின்றுபோகும் எஞ்சின்

மும்பையில் ஜூன் மாதம் மழை தொடங்கிவிட்டால் புல் விரைந்து வளரும். ஹார்பர் லைனில் செம்பூருக்கும் மான்குர்துக்கும் இடையே அமைந்தது கோவண்டி. அங்கே ஒருபுறம் நெருக்கமான குடியிருப்புகள் உள்ளன. மறுபுறம் தேவ்னாரின் கல்வி நிறுவன வளாகங்கள், டிராம்பே குன்றின் அடிவாரத்து அணுசக்தி நகர், செம்பூரில் 1927இல் தொடங்கப்பட்ட கோல்ஃப் கிளப் எனப் பசுமையான இடங்கள் பரந்துள்ளன. இத்தகைய புல்வெளிகளைப் பராமரிக்கும் தோட்டக்காரரை மும்பையில் ‘மாலி’ என்பர். அவர் தள்ளிச் செல்லும் பழைய பெட்ரோல் புல்வெட்டும் இயந்திரம் சமதளத்தில் நன்றாக ஓடும். சரிவில் ஏறியதும் திணறி நின்றுவிடும். மீண்டும் சமதளத்திற்குக் கொண்டுவந்து கயிற்றை இழுத்தால் எதுவுமே நடவாததுபோல் ஓடத் தொடங்கும்.

“எஞ்சின் வலுவிழந்துவிட்டது” என்று முடிவுகட்டி, இத்தகைய இயந்திரத்தை எடைக்குப் போட்டுவிடுவோர் உண்டு. தமிழ்நாட்டில் காயலான் கடை எனப்படுவது மும்பையில் ‘பங்கார்’ கடை. மான்குர்தை ஒட்டிய மண்டாலாவில் அத்தகைய கடைகள் மிகுதி. அங்கே சென்றால் இரும்பின் விலை மட்டுமே கிடைக்கும். மாலியோ தம் தொழிற்கருவியை இழப்பார். ஆனால் அந்த முடிவு சரியானதா? தள்ளிச் செல்லும் இயந்திரத்தில் ஏற்றத்தின் பாரத்தைச் சுமப்பவர் தள்ளுபவரே. எஞ்சின் கத்தியை மட்டுமே சுழற்றுகிறது. சமதளத்தில் புல்லை வெட்ட முடிந்த எஞ்சினுக்குச் சரிவில் மட்டும் வலிமை குறையக் காரணம் இல்லை. எனவே குறையை வேறிடத்தில் தேட வேண்டும்.

கண்ணாடிக் குவளை ஒன்றில் பாதியளவு நீர் ஊற்றி மெல்லச் சாய்த்துப் பாருங்கள். குவளை சாயும், நீரின் மேற்பரப்போ சாயாமல் கிடைமட்டமாகவே நிற்கும். ஒரு பக்கத்தில் நீர் விளிம்பை நெருங்கும். எதிர்ப்பக்கத்தில் அடிமட்டம் வெளிப்படும். புல்வெட்டும் இயந்திரத்தின் பெட்ரோலுக்கும் எண்ணெய்க்கும் சரிவில் நேர்வது இதுவே.

பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கருவி கார்புரேட்டர். அதன் அடியில் சிறிய கிண்ணம் ஒன்றும் அதனுள் மிதவை ஒன்றும் உள்ளன. பெட்ரோல் நிறைந்தால் மிதவை எழுந்து ஓர் ஊசியால் நுழைவாயிலை அடைக்கும். குறைந்தால் தாழ்ந்து திறந்துவிடும். வீட்டு மாடித் தொட்டியில் நீர்வரத்தை நிறுத்தும் மிதவைக் குழாயும் இவ்வாறே இயங்குகிறது. நல்ல நிலையிலுள்ள மிதவை சாதாரணச் சரிவைத் தாங்கும். ஊசியின் முனை தேய்ந்தாலோ, மிதவையின் மட்டம் மாறினாலோ சிறு சாய்வும் பொறுக்காது. ஊசி மூடாமல் கிண்ணம் வழிந்தால் கரும்புகையும் பெட்ரோல் நெடியும் வரும். கிண்ணத்தில் பெட்ரோல் போதாவிட்டால் புகையின்றி எஞ்சின் அடங்கும்.

எனினும் கார்புரேட்டரை உடனே கழற்ற வேண்டியதில்லை. முதலில் பெட்ரோல் தொட்டியை நிரப்பிப் பார்த்தல் நன்று. தொட்டியில் பெட்ரோல் குறைவாக இருந்தால் சரிவில் அது ஒரு மூலையில் ஒதுங்கிவிடும்; வெளியேறும் துளையில் காற்றுதான் இருக்கும். செலவில்லாத இந்தச் சோதனையிலேயே பல இயந்திரங்களின் குறை தெரிந்துவிடும். மழைக்காலத்தில் இன்னொன்றும் நேரும். இந்நாளைய பெட்ரோலில் கலந்துள்ள எத்தனால் நீரை ஈர்க்கும் இயல்புடையது. நீர் பிரிந்து தொட்டியின் அடியில் தங்கினால், சாயும்போது அது துளையை நோக்கி ஓடும். எண்ணெயையும் அளவுகோலால் பார்க்க வேண்டும். சில எஞ்சின்களில் எண்ணெய் மட்டம் தாழ்ந்தால் எஞ்சினைத் தானாக நிறுத்தும் அமைப்பு உண்டு. சரிவில் எண்ணெய் ஒதுங்கும்போதும் அது செயல்படும். அவ்வாறு நிற்பது குறையன்று, காப்பே. எண்ணெய் அளவுக்கு மிஞ்சினாலும் தீங்குதான். அது எரிந்து வெண்ணீலப் புகையாக வெளிவரும்.

இதே சிக்கல் ஒருமுறை வானிலும் எழுந்தது. 1940இல் ஆங்கிலேயரின் ஸ்பிட்ஃபயர் போர்விமானங்கள் மூக்கைத் தாழ்த்திச் சட்டெனப் பாயும்போது எஞ்சின் தடுமாறியது. கிண்ணத்துப் பெட்ரோல் மேல்நோக்கித் தள்ளப்பட்டதே காரணம். எதிரியான ஜெர்மானியரின் விமானத்திலோ பெட்ரோல் நேரடியாக எஞ்சினுக்குள் பீய்ச்சப்பட்டதால் இத்தொல்லை இல்லை. பீட்ரிஸ் ஷில்லிங் என்னும் பெண் பொறியாளர், பெட்ரோல் வரத்தை அளவோடு கட்டுப்படுத்தும் துளையிட்ட சிறு உலோகத் துண்டு ஒன்றை உருவாக்கினார். 1941இல் அவரும் அவருடைய குழுவினரும் விமானத் தளங்களுக்கே சென்று அதைப் பொருத்தினர். எஞ்சினை மாற்ற வேண்டியிருக்கவில்லை.

கோவண்டி நிலையத்தின் வெளியே நிற்கும் ஆட்டோக்களில் எரிவது சிஎன்ஜி வாயு. வாயுவுக்குச் சாய்வதற்கு மட்டமே இல்லை. ஆதலால் மேம்பாலம் ஏறும்போது அவற்றுக்கு இத்தொல்லை வருவதில்லை. பழைய பஜாஜ் ஸ்கூட்டர் வைத்திருந்தோர் சாய்வைத் தமக்குப் பயனாக்கிக்கொண்டனர். காலையில் வண்டி கிளம்பாவிட்டால் அதை ஒருபக்கம் சாய்த்து, பிறகு உதைப்பர். சாய்ந்த கார்புரேட்டரில் பெட்ரோல் சற்றுக் கூடுதலாக ஊறி, குளிர்ந்த எஞ்சின் எளிதில் பற்றிக்கொள்ளும்.

புல்வெட்டும் இயந்திரத்தைச் சோதிப்பவர், எந்தப் பக்கம் தாழும்போது அது நிற்கிறது என்பதைக் குறித்துக்கொண்டால் பழுதுபார்ப்பவரின் வேலை பாதியாகக் குறையும். அடிப்பக்கத்தைப் பார்க்கச் சாய்க்கும் முன் எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, ஸ்பார்க் பிளக்கின் கம்பியைக் கழற்றிவிட வேண்டும். இல்லையேல் கத்தி திடீரெனச் சுழன்று கையைத் துண்டிக்கக்கூடும். கார்புரேட்டர் மேற்பக்கம் இருக்குமாறு சாய்த்தால் பெட்ரோலும் எண்ணெயும் காற்று வடிகட்டிக்குள் வழியா. சரிவில் புல் வெட்டும்போது இயந்திரத்தை மேலும் கீழுமாகத் தள்ளாமல் குறுக்காகத் தள்ளுவதே முறை. அப்போது கால் வழுக்கினாலும் இயந்திரம் தள்ளுபவர்மீது உருண்டு வராது. ஈரப்புல்லில் அதுவும் போதாது. மழை விட்டுப் புல் உலரும்வரை காத்திருக்க வேண்டும்.