கிருமி அகப்படும்வரை காத்திருக்கலாமா?

குழந்தைகளின் மூளைக்காசநோய் சாதாரணக் காய்ச்சலைப் போலத்தான் தொடங்குகிறது. காய்ச்சல் நாள்கணக்கில் நீடிக்கும், வாந்தி வரும், எடை குறையும், ஓடியாடிய பிள்ளை சோர்ந்து சுருண்டு படுக்கும். கழுத்து விறைத்து, கண் மாறி, வலிப்பு வரும்போது மூளையின் அடிப்பகுதியில் அழற்சி படர்ந்து, நீர் தேங்கி, ரத்தக்குழாய்கள் அடைபடத் தொடங்கியிருக்கும். சிகிச்சை பெற்ற குழந்தைகளிலேயே ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் இறந்ததாகவும், பிழைத்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு நரம்புப் பாதிப்பு நிலைத்துவிட்டதாகவும் 2014இல் வெளியான உலகளாவிய ஆய்வுத் தொகுப்பு காட்டியது. எனவே, சந்தேகம் வலுத்தால் கிருமி அகப்படாவிட்டாலும் சிகிச்சையைத் தொடங்கிவிட வேண்டும்.

ஏனெனில் இந்நோயில் கிருமியைப் பிடிப்பது அரிது. முதுகில் ஊசி போட்டு எடுக்கும் தண்டுவட நீர் பார்வைக்குப் பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும். அசையாமல் வைத்தால் சில வேளைகளில் சிலந்திவலை போன்ற மெல்லிய படலம் படியும். வெள்ளணுக்களும் புரதமும் கூடியிருக்கும், சர்க்கரை குறைந்திருக்கும். கிருமிகளோ மிகச் சிலவே என்பதால் நுண்ணோக்கியில் பெரும்பாலும் தென்படுவதில்லை. வளர்ப்புச் சோதனை முடிவுக்குப் பல வாரங்கள் ஆகும். சில மணி நேரத்தில் முடிவு தரும் சிபிநாட் என்ற மரபணுச் சோதனை பெரிய முன்னேற்றம்தான். கிருமி உண்டு என்று அது சொன்னால் நம்பலாம். இல்லை என்றால் நோயும் இல்லை என்று முடிவுகட்ட முடியாது. கையில் போடும் காசநோய்த் தோல் சோதனை இல்லை என்று காட்டினாலும் அப்படித்தான். ஆகவே அறிகுறி, தண்டுவட நீர், மூளை ஸ்கேன், மார்பு எக்ஸ்ரே, வீட்டில் காசநோயாளி உண்டா என்ற விவரம் ஆகிய அனைத்தையும் சேர்த்தே முடிவெடுக்க வேண்டும்.

நோயில்லாத குழந்தைக்கும் பல மாதம் மருந்து கொடுத்துவிட மாட்டோமா, கல்லீரல் பாதிக்கப்படாதா என்ற கேள்வி நியாயமானது. ஆனால் கல்லீரலை ரத்தப் பரிசோதனையால் கண்காணிக்கலாம், தேவைப்பட்டால் மருந்தை நிறுத்தலாம்; அழிந்துபோன மூளைத் திசுவை மீட்க வழியில்லை. மருந்துக்கு முன்பே மாதிரிகளை எடுத்துவிட்டு, மற்ற மூளைக்காய்ச்சல்களுக்கான தேடலையும் தொடர்ந்தால் வேறு நோய் தப்பிப்போகும் ஆபத்தும் குறையும். பிசிஜி போட்ட பிள்ளைக்கு இது வராது என்பாரும் உண்டு. அந்தத் தடுப்பூசி ஆபத்தைப் பெரிதும் குறைக்கிறது, முற்றாக நீக்குவதில்லை.

குழந்தை எந்தக் கட்டத்தில் சிகிச்சைக்கு வருகிறது என்பதே பெரும்பாலும் அதன் எதிர்காலத்தைத் தீர்மானிக்கிறது. ஆகவே விலையுயர்ந்த கருவிகளுக்கு முன்பாகவே கண்டறிதல் தொடங்க வேண்டும். காய்ச்சல் ஒரு வாரத்தைத் தாண்டிய குழந்தையைப் பார்க்கும் ஒவ்வொரு மருத்துவரும், "வீட்டில் யாருக்காவது நாள்பட்ட இருமலோ காசநோயோ இருக்கிறதா?" என்று கேட்டே ஆக வேண்டும். அதற்குச் செலவில்லை.