தோட்டத் தொழிலாளர் சந்தாவில் எழுந்த உலகத் தலைவர்: பி.பி. நாராயணன் கதை நமக்குச் சொல்வது என்ன?

உலக நிறுவனம் ஒன்றின் உச்சிக்கு நம்மவர் ஒருவர் போய்விட்டால் போதும், அன்றைக்கே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்துவிடும். "பாருங்க, நம்ம ஆளு!" பெருமைதான். ஆனால் அதற்கு அடுத்த கேள்வியைப் பெரும்பாலும் நாம் கேட்பதில்லை: அவர் மேலே போனதால் கீழே இருப்பவர்களுக்கு என்ன கிடைத்தது?

இதற்குப் பதில் தேட சிலிக்கான் வேலி வரை போக வேண்டாம். மலாக்கா, நெகிரி செம்பிலான் ரப்பர் தோட்டங்களின் கதையே போதும்.

யார் இந்த நாராயணன்?

டான் ஸ்ரீ பி.பி. நாராயணன், தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் பொதுச் செயலாளர். கேரளாவைப் பூர்வீகமாகக் கொண்டவர். 1962-இல் சமூகத் தலைமைத்துவத்துக்காக மக்சேசே விருது பெற்றார். அதே ஆண்டில்தான் அன்னை தெரசாவுக்கும் மக்சேசே விருது கிடைத்தது.

1975-இல் இன்னும் பெரிய பொறுப்பு வந்தது. பிரஸ்ஸல்ஸைத் தலைமையகமாகக் கொண்ட அனைத்துலக சுதந்திரத் தொழிற்சங்க சம்மேளனம் அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. 1949-இல் அந்த அமைப்பு தொடங்கியதிலிருந்து பெல்ஜியம், பிரிட்டன், ஸ்வீடன், இத்தாலி, கனடா என்று ஐரோப்பா, வட அமெரிக்காவைச் சேர்ந்தவர்களே அங்கே தலைவர்களாக இருந்தார்கள். அந்தப் பதவிக்கு வந்த முதல் ஆசியர் நாராயணன். 1992 வரை, 17 ஆண்டுகள் அங்கே இருந்தார்.

மலாக்காவுக்கு இதில் என்ன தொடர்பு?

நாராயணனின் பலம் 1954-இல் உருவானது. அந்த ஆண்டு ஐந்து தோட்டத் தொழிலாளர் சங்கங்கள் ஒன்றாகச் சேர்ந்து தேசியச் சங்கம் ஆயின. அந்த ஐந்தில் இரண்டு மலாக்கா மாநிலத்தைச் சேர்ந்தவை: மலாக்கா தோட்ட ஊழியர் சங்கம், அலோர் காஜா தொழிலாளர் சங்கம்.

விடியும் முன்னே பிரட்டுக்குப் போய் நின்று, பால்மரம் வெட்டிச் சம்பாதித்தவர்கள் கட்டிய சந்தாதான் இந்தச் சங்கத்தை நடத்தியது. சங்கத்துக்கென்று 'சங்கமணி' என்ற தமிழ்ப் பத்திரிகையும் இருந்தது. உலக மாநாட்டில் நாராயணன் எழுந்து பேசியபோது, அவருக்குப் பின்னால் இந்த உறுப்பினர் பட்டியல் இருந்தது. அதனால்தான் மற்ற நாட்டுத் தலைவர்கள் அவரை மதித்தார்கள். யாரோ இரக்கப்பட்டுக் கொடுத்த இடம் இல்லை அது.

மலாக்காவிலேயே பிறந்த இன்னொருவரையும் இங்கே சொல்ல வேண்டும். சி.வி. தேவன் நாயர், 1923-இல் பிறந்தவர், ரப்பர் தோட்டக் கிராணியின் மகன். சிறுவயதிலேயே சிங்கப்பூர் போனார், அங்கே தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸை வழிநடத்தினார், 1981-இல் அந்நாட்டின் அதிபரானார்.

சரி, இதில் யார் விடுபட்டார்கள்?

இங்கேதான் கதை கொஞ்சம் சிக்கலாகிறது. நாராயணன், தேவன் நாயர் இருவருமே மலையாளக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள், ஆங்கிலம் தெரிந்தவர்கள். ஆனால் தோட்டத்தில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். பால்மரம் வெட்டியவர்களில் பெண்களும் ஏராளம். சந்தா கட்டிய அந்தப் பெண்கள் தலைமைப் பதவிகளில் இடம் பிடித்தது மிக அரிது.

உலக அளவிலும் இதே நிலைதான். அந்தச் சம்மேளனத்தின் தலைவராக முதல் பெண் வந்தது 2004-இல். அவர் ஆஸ்திரேலியாவின் ஷரன் பரோ. அதாவது முதல் ஆசியர் வந்து 29 ஆண்டுகளுக்குப் பிறகு. ஒரு கதவு திறந்தால் மற்றக் கதவுகள் தானாகத் திறந்துகொள்வதில்லை.

தொழிலாளிக்கு என்ன கிடைத்தது?

கிடைத்தது உண்டு. முதலாளிகள் சங்கத்தோடு கூட்டு ஒப்பந்தம் போடும் முறை வந்தது. இதனால் ஜாசினில் மரம் வெட்டுபவருக்கும் கெடாவில் மரம் வெட்டுபவருக்கும் ஒரே சம்பள விகிதம் என்ற நிலை உருவானது. ஒவ்வொரு தோட்டத்திலும் துரையிடம் தனித்தனியாகப் போய் நிற்க வேண்டியதில்லை.

கிடைக்காததும் உண்டு. மாதச் சம்பளம் வேண்டும் என்பது நீண்ட காலக் கோரிக்கை. ஆனால் 1996-இல் நாராயணன் காலமானபோதும் தோட்டங்களில் நாள் கணக்குச் சம்பளம்தான் வழக்கம். தோட்டம் கைமாறி வீடமைப்புத் திட்டமாக ஆனபோது பல குடும்பங்களுக்கு வேலையும் போச்சு, தங்கியிருந்த லயத்து வீடும் போச்சு. தீபகற்ப மலேசியாவில் 900 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளம் சட்டமானது 2013-இல்தான். 2025 பிப்ரவரியில் அது 1,700 ரிங்கிட் ஆனது.

உலகத் தலைவர் பதவியில் 17 ஆண்டுகள், ஆனால் சொந்தத் தோட்டத்தில் முடியாத வேலை. இரண்டுமே உண்மை. ஒன்றைச் சொல்லி இன்னொன்றை மறைக்கத் தேவையில்லை.

இது பழைய கதைதானே?

இல்லை. மலாக்கா தோட்டங்களில் இப்போது ரப்பரைவிட செம்பனை அதிகம். குலை அறுப்பவர்களில் பலர் இந்தோனேசியா, வங்காளதேசம், நேப்பாளத்திலிருந்து வந்தவர்கள். நம் பாட்டி, தாத்தா இருந்த இடத்தில் இன்று அவர்கள் இருக்கிறார்கள். சட்டப்படி அவர்களும் தொழிற்சங்கத்தில் சேரலாம். சேர முடிகிறதா, சேர்ந்தால் அவர்கள் குரல் மேலே போகிறதா என்பதுதான் இன்றைய பன்முகத்தன்மைக் கேள்வி.

தோட்டத்தை விட்டு வந்த தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் பத்து பெரெண்டாம், ஆயர் குரோ தொழிற்சாலைகளில் இருக்கிறார்கள். உலக நிறுவனங்கள்தான் முதலாளி. மலேசிய மின்னணுத் துறையில் நிறுவன அளவிலான சங்கங்களுக்கு அனுமதி கிடைத்தது 1988-இல். வட்டார அளவிலான சங்கங்களுக்கு 2009 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த நிறுவனங்களின் சுவரில் பன்முகத்தன்மை பற்றிய அழகான போஸ்டர்கள் இருக்கலாம். போஸ்டர் வேறு, பேச்சுவார்த்தை மேசை வேறு.

அடுத்த முறை "நம்ம ஆளு" செய்தி வந்தால், சந்தோஷமா ஷேர் பண்ணுங்க. கூடவே இரண்டு விஷயம் பாருங்க. அவரை யார் தேர்ந்தெடுத்தாங்க? அவர் அந்தப் பதவியில் இருந்தபோது யாருடைய சம்பளச் சீட்டு மாறுச்சு?