உலாவியைப் புதுப்பித்தால் துணைநிரல் முடங்குவதேன்?

பள்ளியில் நெடுநாள் கவனிப்பாரற்றுக் கிடந்த கணினியில் ஃபயர்பாக்ஸ் உலாவியைப் புதுப்பித்தவுடன், தமிழ் தட்டச்சுக்கு உதவிவந்த துணைநிரல் செயலற்றுப் போயிற்றென ஆசிரிய அன்பர் சிலர் வருந்துவர். வினாத்தாள் பாதியில் நிற்கும்! இதற்குக் காரணம் யாது?

முன்னர் ஒவ்வொரு துணைநிரலும், தான் எந்தப் பதிப்புவரை இயங்கும் என்னும் எண்ணைத் தன்னுள் தாங்கியிருந்தது. உலாவி அவ்வெண்ணைத் தாண்டின், துணைநிரல் முடக்கப்படும். விவரமறிந்தோர் எண்ணைத் திருத்தி மீண்டும் இயக்கினர். 2012இல் வந்த 10ஆம் பதிப்பு முதல் அத்தொல்லை பெரிதும் ஒழிந்தது.

2017 நவம்பரில் வந்த 57ஆம் பதிப்போ வேறு வகை. அதற்குமுன் துணைநிரல்கள் உலாவியின் உள்ளுறுப்புகளையே தொட்டு மாற்ற வல்லவை. உறுப்பு மாறின் அவையும் கெடும். தீயோர் செய்தவையாயின் ஊறும் விளையும். 57 முதல், உலாவி திறந்துவைத்த வாயில்கள் வழியே மட்டும் பணிபுரியும் ‘வெப்எக்ஸ்டென்ஷன்ஸ்’ முறைக்கே இடமுண்டு. ஆதலின் இப்போது எண்ணைத் திருத்திப் பயனில்லை. ஆக்கியோர் புதுமுறையில் மீண்டும் எழுதியிருத்தல் வேண்டும்; இல்லையேல் நிகரான வேறொன்றைத் தேடிக்கொள்ள வேண்டியதே.

புதுப்பிக்காமலே இருந்துவிடலாமே எனின், அதுவும் ஆகாது. துணைநிரல்களின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் மூலச் சான்றிதழ் ஒன்று 2025 மார்ச் 14ஆம் நாள் காலாவதியாயிற்று. 128க்கு முற்பட்ட பதிப்புகளில் (நீண்டகால ஆதரவுப் பதிப்பு 115.13 முதலானவை நீங்கலாக) துணைநிரல்கள் முடங்க அது வழிசெய்தது.

தமிழ் தட்டச்சுக்கு உலாவியையே நம்பியிராமை நன்று என்பேன். விண்டோஸ், மேக் இரண்டிலும் தமிழ் விசைப்பலகை உடன்வருகிறது. மொழி அமைப்பில் ஒருமுறை சேர்த்துக்கொண்டால் போதும். தமிழ் 99 பழகியவர்க்கு மேக்கில் அம்முறையும் உண்டு.