சிட்டியும் சிட்டுக்குருவியும்

முதல் பெண்ணின் கல்யாணத்தை ஊரே மெச்சும்படி நடத்திவிட்ட வீட்டில், இரண்டாவது பெண்ணின் கல்யாணம் என்றால் பெற்றவளுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். "பெரியவ கல்யாணத்துல பாயசம் எப்படி இருந்துச்சு தெரியுமா?" என்று சொல்லிக்கொண்டேதான் பந்தியில் சாப்பிடுவார்கள். சினிமாவில் இரண்டாம் பாகம் எடுப்பவர்களின் பாடும் இதேதான். 2010 அக்டோபரில் 'எந்திரன்' வந்தது. எட்டு வருஷம் கழித்து, 2018 நவம்பர் 29-ம் தேதி அதன் இரண்டாம் பாகமாக '2.0' வந்தபோது, ஜனங்கள் அதைப் பழைய பாயசத்தோடுதான் ஒப்பிட்டார்கள்.

500 கோடி ரூபாய்க்கு மேல் செலவு என்று பத்திரிகைகளெல்லாம் எழுதின. படம் முழுவதையும் த்ரீ டி-யிலேயே எடுத்திருந்தார் டைரக்டர் ஷங்கர். அக்ஷய் குமார் வில்லன். கேட்க வேண்டுமா? வில்லியனூர் பக்கத்துக் கிராமமான எங்கள் ஊரிலிருந்து மாமியார், ஓரகத்தி, பிள்ளைகள், பாகூரிலிருந்து நாத்தனார் குடும்பம் என்று ஒன்பது பேர் பாண்டிக்குக் கிளம்பிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம்.

ஒரே படம்தான். ஆனால் ஒன்பது பேரும் ஒன்பது படம் பார்த்தோம் என்றுதான் சொல்ல வேண்டும். மூக்குக் கண்ணாடிக்கு மேல் த்ரீ டி கண்ணாடியைப் போட்டுக்கொண்ட மாமியார், பறவை முகத்துக்கு நேரே பாய்ந்து வந்தபோதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டார். பொடிசுகளுக்கு, புறா மேல் ஏறி வரும் குட்டி ரோபோ ஒன்றே போதும். வாய் ஓயாமல் சிரித்தார்கள். ஓரகத்திக்குத்தான் குறை. "சனாவ போன்ல பேசற குரலோட நிறுத்திட்டாங்களே அக்கா! பாட்டும் இல்ல, சிரிப்பும் இல்ல. போன படத்துல சிட்டி பிரசவம் பார்த்துச்சே, அந்த மாதிரி மனசுல நிக்கற இடம் இதுல எங்க இருக்கு?" என்றாள். பத்திரிகை விமர்சனங்களிலும் அநேகமாக இதே பேச்சுத்தான். கிராபிக்ஸ் பிரமாதம், கருத்து நல்லது, கதைதான் முதல் படம் போல ஒட்டவில்லை என்றார்கள்.

ஆனால் என் மனசில் தங்கியது வேறு ஒன்று. படம் ஆரம்பிக்கும்போதே, ஒரு வயதானவர் செல்போன் டவர் மேல் ஏறித் தூக்குப் போட்டுக்கொள்கிறார். அவர் யார், ஏன் அப்படிச் செய்தார் என்பது பாதிப் படத்துக்குப் பிறகுதான் தெரிகிறது. பட்சிராஜன் என்ற பறவை நேசர். டவர் கதிர்களால் பறவைகள் சாகின்றன என்று எல்லா வாசலிலும் ஏறி இறங்கி, யாரும் கேட்காமல் மனம் ஒடிந்து போனவர். வில்லன் என்று நினைத்தவர் மேல் தியேட்டரே பரிதாபப்பட்டது. ஹீரோ ஜெயித்தபோது கை தட்டியவர்களும் வெளியே வரும்போது பட்சிராஜனைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தார்கள்.

என் சின்ன மகளுக்கு அப்போது ஒன்பது வயது. ராத்திரி பக்கத்தில் படுத்துக்கொண்டு, "அந்தத் தாத்தா நல்லவருதானேம்மா? நல்லவங்க சொல்றத யாரும் கேக்கலன்னா செத்துத்தான் போகணுமா?" என்று கேட்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "சினிமாவ சினிமாவா பாரு, தூங்கு" என்று சொல்ல மனசு வரவில்லை. குழந்தை கேட்ட கேள்வி சினிமாவைப் பற்றி அல்லவே!

அவளுக்குப் பதில் சொல்ல எனக்குக் கை கொடுத்தவர் டாக்டர் சலீம் அலி. பட்சிராஜன் பாத்திரத்தை அவரை மனதில் வைத்துத்தான் உருவாக்கினார்கள் என்று பேசப்பட்டது. 1896-ல் பிறந்தவர். சிறு பையனாக இருந்தபோது ஏர் கன்னால் ஒரு குருவியைச் சுட்டு, அதன் கழுத்தில் மஞ்சள் இருப்பதைப் பார்த்து, 'இது என்ன குருவி?' என்று விசாரிக்கப் போனவர், வாழ்நாள் முழுவதும் பறவைகளோடேயே இருந்துவிட்டார். அவர் பேச்சையும் எல்லாரும் உடனே கேட்டுவிடவில்லை. ஆனாலும் அவர் விடவில்லை. பரத்பூர் பறவைகள் சரணாலயம் பிழைத்ததிலும், கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கு அணையில் மூழ்காமல் தப்பியதிலும் அவருக்குப் பங்கு உண்டு. 1976-ல் பத்ம விபூஷண் வாங்கினார். 1987-ல், தொண்ணூறு வயதில்தான் காலமானார்.

"நெஜத் தாத்தா சாகலடி. தொண்ணூறு வயசு வரைக்கும் இருந்து, சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லி ஜெயிச்சாரு. யாரும் கேக்கலன்னா இன்னொருத்தர்கிட்ட சொல்லணும். மொதல்ல அம்மாகிட்ட சொல்லணும்" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப சினிமாவுல ஏன் மாத்திட்டாங்க?" என்று கேட்டுக்கொண்டே தூங்கிப் போனாள்.

படம் விட்டுச் சென்ற இன்னொரு விஷயம் பயம். எங்களோடு படம் பார்த்த நாத்தனார் மகள் அப்போது எட்டு மாத கர்ப்பிணி. 'குருவிக்கே இந்தக் கதி என்றால் வயிற்றுப் பிள்ளைக்கு?' என்று பயந்துபோய், பொழுது சாய்ந்ததும் போனை அணைத்துப் பரணில் வைக்க ஆரம்பித்துவிட்டாள். கணவருக்கு ராத்திரி ஷிப்ட். ஒரு நாள் விடியற்காலை தலைவலி மண்டையைப் பிளந்து, கண் இருட்டிக்கொண்டு வந்திருக்கிறது. பரணில் ஏறிப் போனை எடுக்கவும் முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்து, பால் கறக்க எழுந்த பக்கத்து வீட்டு அம்மாளைக் கூப்பிட்டு, அவர்கள் போன் செய்துதான் ஆம்புலன்ஸ் வந்தது. ரத்தக் கொதிப்பு ஏறியிருந்தது. நல்லவேளை, தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

சகோதரிகளே, மாசம் ஏற ஏறத் தாங்க முடியாத தலைவலி, கண் மங்கல், முகமும் கையும் திடீரென்று வீங்குவது, இவற்றில் எது வந்தாலும் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக் கூடாது. அந்த நேரத்தில் 108-க்குப் பேச, போன் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

அப்படியானால் படம் சொன்னது பொய்யா? படம் வெளியாகும் முன்பே, செல்போன் கம்பெனிகளின் சங்கம் தணிக்கை வாரியத்திடம் புகார் செய்தது. அவர்களுடைய வியாபாரம் அவர்களுக்கு. ஆனால் ஆராய்ச்சி செய்தவர்கள் சொல்வதையும் நாம் கேட்க வேண்டுமல்லவா? உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2011-ல் செல்போன் கதிரை, 'புற்றுநோயை உண்டாக்கக்கூடும்' என்ற சந்தேகப் பட்டியலில்தான் வைத்தது. நிச்சயம் உண்டாக்கும் என்று சொல்லவில்லை. 2012-ல் நம் நாட்டில் டவர் கதிருக்கான அளவை, சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தார்கள். உலக சுகாதார நிறுவனம் கேட்டுக்கொண்டதன் பேரில் அதுவரை வந்த ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், செல்போனுக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு தெரியவில்லை என்று 2024-ல் சொன்னார்கள்.

சிட்டுக்குருவி விஷயமும் அப்படித்தான். நாட்டிலுள்ள பறவைகளின் நிலை பற்றி 2020-ல் வந்த அறிக்கை, பெரிய நகரங்களில் சிட்டுக்குருவி குறைந்திருந்தாலும், நாடு முழுவதும் பார்த்தால் இருபத்தைந்து வருஷங்களாக ஏறக்குறைய அதே நிலையில் இருக்கிறது என்றது. நம் வீட்டுப் பக்கம் குறைந்ததற்குக் காரணம் தேட டவர் மேல் ஏற வேண்டியதில்லை. நாட்டு ஓடு போய்த் தளம் வந்தது. கூடு கட்ட இடுக்கு இல்லை. குருவிக் குஞ்சுக்குத் தீனி புழு பூச்சிதான். வயலில் மருந்து அடித்தால் அதுவும் போச்சு. வாசலில் முறத்தில் அரிசி புடைத்த காலத்தில் சிந்திய நொய், பாக்கெட் அரிசியில் எங்கே சிந்துகிறது?

இதையெல்லாம் நம்மால் முடிந்த மட்டும் சரி செய்யலாம். தோட்டத்து மூலையில் அகலமான மண் சட்டியில் தண்ணீர், ஒரு பிடி கம்பு அல்லது நொய், தாழ்வாரத்தில் ஓட்டை போட்ட ஒரு சின்னப் பானை. தண்ணீரைத் தினம் மாற்றுங்கள், இல்லாவிட்டால் கொசுவைத்தான் வளர்ப்பீர்கள். லீவு நாளில் பிள்ளைகளை ஊசுட்டேரிக்கு அழைத்துப் போங்கள். 2008-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட ஏரி அது. கார்த்திகை, மார்கழி வந்தால் வெளிநாட்டு வாத்துகளெல்லாம் வந்து இறங்கும். பாகூர் ஏரியிலும் பார்க்கலாம். த்ரீ டி கண்ணாடி வேண்டாம், டிக்கெட்டுக்குச் சண்டையும் வேண்டாம்.

செல்போனால் பிள்ளைகளுக்குக் கெடுதலே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. கதிரைவிடத் திரைதான் எனக்குப் பயம். இரண்டு வயது வரை திரையே வேண்டாம், நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று 2019-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. சோறு ஊட்டப் போனைக் காட்டும் பழக்கத்தை விட்டு, சட்டியில் தண்ணீர் குடிக்க வரும் காக்காயையும் மைனாவையும் காட்டி ஊட்டிப் பாருங்கள். முதல் நாலு நாள் அழும், அப்புறம் தானே வாயைத் திறக்கும்.

இப்போதும் டி.வி.யில் '2.0' போட்டால் என் பிள்ளைகள் உட்கார்ந்துவிடுகிறார்கள். பார்க்கட்டும், நல்ல படம்தான். உங்கள் வீட்டிலும் சின்னஞ்சிறுசுகள் இருந்தால், முதல் பத்து நிமிஷம் அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். அந்த டவர் காட்சி முடிந்ததும் சலீம் அலி தாத்தாவின் கதையைச் சொல்லிவிட்டு, அப்புறம் போய்க் குழம்பைத் தாளியுங்கள்.