லினக்ஸ் போட்டதும் ஸ்கிரீன் கருப்பாகிடுச்சா? லேப்டாப் போகல... கிராபிக்ஸ் டிரைவரைப் பாருங்க!

விண்டோஸ் 10-க்கான இலவச பாதுகாப்பு அப்டேட்களை 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11-க்கு மாற டிபிஎம் 2.0 வசதி வேண்டும். இன்டெல் பிராசஸர் என்றால் பெரும்பாலும் 8-ம் தலைமுறையாவது இருக்க வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய லேப்டாப்பைத் தூக்கிப்போட மனமில்லாதவர்கள் லினக்ஸ் பக்கம் வருகிறார்கள். இலவசம், ஓப்பன் சோர்ஸ், பழைய மெஷினிலும் ஓடும்.

சிக்கல் வருவது அடுத்த கட்டத்தில்தான். இன்ஸ்டால் முடிந்து ரீஸ்டார்ட் ஆகும்போது ஸ்கிரீன் கருப்பாக நிற்கும். இல்லையென்றால் வீடியோ திக்கித் திக்கி ஓடும். 'போர்டு போச்சு' என்று பலர் அத்தோடு விட்டுவிடுகிறார்கள். ஆனால், பல நேரங்களில் போர்டுக்கு ஒன்றுமே ஆகியிருக்காது. காரணம், கிராபிக்ஸ் டிரைவர்!

டிரைவர் என்ன வேலை செய்கிறது?

ஸ்கிரீனில் தெரியும் ஒவ்வொரு காட்சியையும் தயார் செய்வது கிராபிக்ஸ் சிப். அந்த சிப்புக்கும் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கும் நடுவே இருக்கும் மொழிபெயர்ப்பாளர்தான் டிரைவர். மொழிபெயர்ப்பாளர் சரியில்லை என்றால், சிப் நன்றாக இருந்தும் பயனில்லை.

எந்த கார்டுக்கு சிக்கல்?

இன்டெல், ஏஎம்டி கிராபிக்ஸ் என்றால் கவலை குறைவு. இவற்றுக்கான ஓப்பன் சோர்ஸ் டிரைவர், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே வந்துவிடுகிறது. தனியாக எதையும் இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை.

தலைவலி பெரும்பாலும் என்விடியாவில்தான். இந்த நிறுவனம் பல ஆண்டுகளாகத் தன் டிரைவரின் சோர்ஸ் கோடைத் திறந்துவிடவில்லை. தன்னார்வலர்கள் கார்டின் செயல்பாட்டை ஆராய்ந்து 'நூவோ' என்ற டிரைவரை உருவாக்கினார்கள். ஆனால், ஜிடிஎக்ஸ் 900, 1000 வரிசைகளில், என்விடியா கையொப்பமிட்ட ஃபர்ம்வேர் இல்லாமல் கார்டின் வேகத்தைக் கூட்ட முடியாது. அதனால் நூவோவில் அந்த கார்டுகள் ஆமை வேகம்தான்.

2012-ல் ஃபின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில், இரண்டு கிராபிக்ஸ் சிப் கொண்ட என்விடியா லேப்டாப் பற்றி ஒரு பெண் கேட்ட கேள்விக்கு, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கேமராவைப் பார்த்து நடுவிரலைக் காட்டியது உலகம் முழுக்க வைரலானது. கிட்டத்தட்ட 10 ஆண்டு கழித்து, 2022 மே மாதம் என்விடியா தன் கெர்னல் டிரைவரை ஓப்பன் சோர்ஸாக வெளியிட்டது. ஆனால் அது ஜிடிஎக்ஸ் 16, ஆர்டிஎக்ஸ் 20 மற்றும் அதற்குப் பின் வந்த கார்டுகளுக்கு மட்டும்தான். பழைய கார்டு வைத்திருப்பவர்களுக்கு அதனால் பலன் இல்லை.

உங்கள் கார்டுக்கு எந்த டிரைவர்?

விண்டோஸை அழிப்பதற்கு முன்பே டாஸ்க் மேனேஜரில் 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதிக்குப் போய் கார்டின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

* ஜிடிஎக்ஸ் 16, ஆர்டிஎக்ஸ் வரிசைகள்: புதிய டிரைவர் போதும். ஆர்டிஎக்ஸ் 50 என்றால் 'ஓப்பன்' என்று குறிப்பிட்டதையே தேர்வு செய்ய வேண்டும்.
* ஜிடிஎக்ஸ் 900, 1000, லேப்டாப்களில் வரும் 940எம்எக்ஸ், எம்எக்ஸ்150: இவற்றுக்கு 580 வரிசைதான் கடைசி. அதற்கு மேல் போட்டால் கார்டு வேலை செய்யாது.
* 600, 700 வரிசையில் பெரும்பாலானவை: 470. என்விடியா இதற்கான ஆதரவை முடித்துவிட்டதால், புதிய கெர்னலில் தகராறு செய்யலாம்.

எப்படி இன்ஸ்டால் செய்வது?

1. என்விடியா இணையதளத்தில் இருந்து நேரடியாக டவுன்லோடு செய்ய வேண்டாம். பலரும் தடுக்கி விழுவது இங்கேதான். அப்படிப் போட்ட டிரைவர், அடுத்த கெர்னல் அப்டேட்டில் கழன்றுகொள்ள வாய்ப்பு அதிகம்.

2. முதலில் சிஸ்டத்தை முழுசா அப்டேட் செய்யுங்கள். உபுண்டுவில் 'அடிஷனல் டிரைவர்ஸ்', லினக்ஸ் மிண்ட்டில் 'டிரைவர் மேனேஜர்' திறந்தால் உங்கள் கார்டுக்கான பட்டியல் வரும். 'ரெக்கமண்டட்' என்று இருப்பதைத் தேர்வு செய்தால் போதும்.

3. செக்யூர் பூட் ஆனில் இருந்தால், இன்ஸ்டால் நடக்கும்போது ஒரு பாஸ்வேர்டு கேட்கும். ரீஸ்டார்ட் ஆகும்போது நீல நிறத் திரை வரும். அதில் 'என்ரோல் மாக்' என்பதைத் தேர்ந்தெடுத்து அதே பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும். சில விநாடிகளில் அந்தத் திரை போய்விடும், தவறவிடாதீங்க. விட்டால் டிரைவர் இன்ஸ்டால் ஆகியிருந்தும் வேலை செய்யாது.

ஸ்கிரீன் ஏற்கெனவே கருப்பா?

பென்டிரைவில் இருந்து பூட் செய்யும்போதே இப்படி என்றால், உபுண்டுவில் 'சேஃப் கிராபிக்ஸ்', மிண்ட்டில் 'கம்பாட்டிபிலிட்டி மோட்' என்பதைத் தேர்வு செய்யுங்கள்.

நன்றாக ஓடிய சிஸ்டம் அப்டேட்டுக்குப் பிறகு கருப்பானால், ஆன் செய்யும்போது ஷிஃப்ட் அல்லது எஸ்கேப் கீயை அழுத்துங்கள். மெனு வந்ததும் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போய் பழைய கெர்னலைத் தேர்வு செய்தால் பெரும்பாலும் ஸ்கிரீன் திரும்பிவிடும். உள்ளே நுழைந்ததும் டிரைவரை நீக்கிவிட்டு மறுபடி போடலாம். உங்கள் ஃபைல்களுக்கு எதுவும் ஆகாது.

யாரிடம் கேட்பது?

ஜிப்மர் இருக்கும் கோரிமேடு, புதுச்சேரியின் எல்லை. திண்டிவனம் சாலையில் அதைத் தாண்டினால் விழுப்புரம் மாவட்டம். எல்லைக்கு இரண்டு பக்கமும் லினக்ஸ் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். புதுச்சேரியில் ஃப்ரீ சாஃப்ட்வேர் ஹார்டுவேர் மூவ்மென்ட், விழுப்புரத்தில் விஜிளக் என்ற லினக்ஸ் பயனர் குழு. கடையில் போர்டு மாற்றச் சொன்னால், பணம் கொடுப்பதற்கு முன் ஒருமுறை இப்படிப்பட்ட குழுவிடம் கேட்டுப் பாருங்கள்.

முக்கியமாக, லினக்ஸ் போடுவதற்கு முன் போட்டோ, சான்றிதழ், பிராஜெக்ட் ஃபைல் எல்லாவற்றையும் வேறு இடத்தில் காப்பி எடுத்து வையுங்கள். டிரைவரை எத்தனை முறை வேண்டுமானாலும் மறுபடி போடலாம். இன்ஸ்டால் செய்யும்போது அழிந்துபோன ஃபைலைத் திரும்பக் கொண்டுவருவது கஷ்டம்.